பஸ் திரும்பும் வரை வெயில்

மேலப்பொய்கை
5-12-1958, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் சிரஞ்சீவி ரெங்கராஜுக்கு அப்பா பழனிச்சாமி ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொள்வது. ஈப்போவில் நீ நல்ல உடம்போடும் வேளைக்குச் சாப்பாட்டோடும் இருக்கப் புதுக்கோட்டை அம்மன் துணையிருக்க வேண்டும். இங்கே நானும் உன் அம்மாவும் தங்கச்சியும் இருக்கிறோம். 'யாவரும் சுகம்' என்று கை தானாக எழுதப் போனது, பிடித்து நிறுத்திவிட்டேன். வைகாசிக்குப் பிறகு உனக்கு ஐந்து கடிதம் போட்டிருக்கிறேன், ஐந்திலும் அந்த வரி பொய். மழையைப் பற்றியும் கடலை விளைச்சலைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதினேனே, அதெல்லாம் எழுத வேண்டியதை எழுதாமல் தாளை நிரப்பத்தான். எட்டாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுந்தவன் நான், தெரியாத கேள்வி வந்தால் தெரிந்த பதிலை எழுதிவைத்துவிட்டு வருகிற பழக்கம் அங்கேயே வந்துவிட்டது. இன்றைக்கு எழுதுகிறேன். இங்கே பதினேழு நாளாக அடைமழை, சூரியனைக் கண்ணால் பார்க்கவில்லை, கடைக்குப் போனால் சாக்கு மூட்டைகளை ஒழுகாத பக்கமாகத் தள்ளித் தள்ளி வைப்பதே வேலை, ஆகவே பொழுதும் இருக்கிறது.

தங்கச்சி பிரகதத்துக்குக் கையிலும் கழுத்திலும் வெண்படை வந்ததும் போன தை மாதம் புதுக்கோட்டை இன்னாசி டாக்டரிடம் மருந்து ஆரம்பித்ததும் உனக்குத் தெரியும். ஆனால் அவர் சொன்ன விவரத்தை நான் உனக்கு முழுதாக எழுதவில்லை, எழுதினால் தப்பு யாருடையது என்று உனக்கே புரிந்திருக்கும். நம் ஊர் வைத்தியர்கள் அரைத்துப் பூசுவார்களே கார்போக அரிசி, அதிலிருந்து எடுத்த எண்ணெயைத்தான் அவர் பழுப்பு பாட்டிலில் கொடுத்தார். வெள்ளை விழுந்த இடத்தில் மட்டும் தொட்டு வைத்து மற்ற இடத்தைத் துணியால் மூடிக்கொண்டு காலை எட்டு மணி வெயிலில் கொஞ்ச நேரம் காட்ட வேண்டும், பிறகு சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நிழலுக்கு வந்துவிட வேண்டும். "மருந்து பாதி, வெயில் பாதி. ரெண்டுல எது கூடினாலும் தோல் வெந்துரும், ஞாபகம் வச்சுக்கங்க" என்றார். தை வெயிலுக்கு ஒரு கணக்கு, சித்திரை வெயிலுக்கு ஒரு கணக்கு, வெயில் ஏற ஏற நேரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும், தோல் சிவந்தால் நிறுத்திவிட வேண்டும், மழை மாதத்தில் மருந்தே வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நானும் எல்லாம் விளங்கின மாதிரி தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வீட்டில் கடிகாரம் இல்லை என்பதை மட்டும் அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

அதற்கு நான் ஒரு யோசனை செய்தேன். நம் கடை முக்கில் நின்றுவிட்டு பஸ் கீழப்பொய்கைக்குள் போய்த் திரும்பி அதே வழியாக வருகிறதல்லவா, அதற்கு எட்டு நிமிஷம் ஆகிறது என்று டிரைவர் ராக்கனின் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். உள்ளே போகும்போது ஒரு ஆரன், திரும்பி வரும்போது ஒரு ஆரன். கொல்லையில் துவைகல்லின் மேல் பிரகதம் உட்காருவாள், முதல் ஆரனுக்கு உட்கார வேண்டும், இரண்டாவது ஆரனுக்கு எழுந்திருக்க வேண்டும். இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. ராக்கன்கூட, "என்ன மாமா, எங்க முதலாளிக்குத் தெரியாம எங்கள ஆஸ்பத்திரி வேலைக்கு வச்சுட்டீங்களே" என்று சிரிப்பான். மாசி கடைசியில் மணிக்கட்டில் இருந்த வெள்ளைக்குள் மிளகைத் தூவின மாதிரி சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளி வந்தது. டாக்டர் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, இதுதான் நல்ல அடையாளம், மயிர்க்காலிலிருந்து நிறம் திரும்புகிறது என்றார். மயிர்க்கால் என்ற சொல் காதில் விழுந்ததும் உன் அப்பன் என்ன செய்தேன் தெரியுமா, யாருக்கும் தெரியாமல் இரண்டு சொட்டு எடுத்து என் வழுக்கையில் தேய்த்துக்கொண்டு மத்தியானம் சந்தைக்குப் போய்வந்தேன். மூன்றாம் நாள் தலை கொதித்துத் தோல் உரிந்து அடிப்பிடித்த சட்டி மாதிரி ஆகிவிட்டது, உன் அம்மா பத்து நாள் சிரித்தாள், நானும் சிரித்தேன். கடவுள் எனக்குக் கொடுத்த எச்சரிக்கை அது. நான் அதை விகடமாக்கிக் கடையில் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் உன் கடிதம் வந்தது. உன்னோடு தங்கியிருக்கும் சொக்கலிங்கத்துக்கு ஆனி மாதம் லீவு கிடைக்கிறது, பிரகதத்தின் போட்டோவைப் பார்த்துப் பிடித்துப்போய்விட்டது, வந்ததும் பெண் பார்த்து அந்த லீவிலேயே முடித்துவிடலாம் என்று எழுதியிருந்தாய். அந்தப் போட்டோ வெள்ளை விழுவதற்கு முன்னால் எடுத்தது என்பதை நீயும் அவனிடம் சொல்லவில்லை, நானும் சொல் என்று எழுதவில்லை. ஆனிக்குள் மாறிவிட்டால் சொல்ல வேண்டியதே இல்லை அல்லவா, அந்த நினைப்புத்தான் எனக்கு. எட்டு மணி வெயில் இத்தனை செய்தால் பன்னிரண்டு மணி வெயில் எத்தனை செய்யும் என்று கணக்குப் போட்டேன். டாக்டரைக் கேட்கவில்லை. காலை பஸ்ஸை விட்டுவிட்டு மத்தியான பஸ்ஸுக்கு அவளை மாற்றினேன், நேரத்தைக் குறைக்கச் சொன்னவர் பேச்சை விட்டுவிட்டு அதே எட்டு நிமிஷத்தை வைகாசி உச்சி வெயிலில் வைத்தேன். முதல் நாளே அவள் பாதியில் எழுந்து வந்து "சுடுதுப்பா" என்றாள். நான் அவளைத் திட்டினேன். "பஸ்ஸு திரும்புற முன்னாடி எந்திரிச்சா மருந்து வீணு, அங்க மாப்பிள்ளை கப்பலேறத் தயாரா நிக்கிறாரு, நீ இங்க சுடுதுங்கிறியே" என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவள் எழுந்திருக்கவில்லை. நல்லவேளையாக அடுத்த நாலு நாள் மூட்டமாக இருந்தது, அதற்கு மறுநாள்தான் அது நடந்தது.

அன்றைக்கு உன் அம்மா கறம்பக்குடிச் சந்தைக்குப் போயிருந்தாள். மத்தியான பஸ் ஆரன் அடித்துவிட்டுக் கீழப்பொய்கைக்குள் போனது, பிரகதம் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒருத்தன் சைக்கிளில் வந்து, பஸ்ஸுக்கு டயர் வெடித்துப் புளியந்தோப்புப் பக்கம் நிற்கிறது என்று சொன்னான். நான் கடையைச் சாத்திவிட்டு வேடிக்கை பார்க்கப் போனேன். ஆமாம், நான்தான் போனேன். ஜாக்கி மணலில் இறங்கிவிட்டது, கல்லை இங்கிட்டு வை, பலகையை அங்கிட்டுச் சொருகு என்று ராக்கனுக்குப் பாடம் நடத்திக்கொண்டு ஒரு மணி நேரம் அந்த பஸ்ஸின் பக்கத்திலேயே நின்றேன். அது திரும்பினால்தான் என் மகள் எழுந்திருப்பாள் என்பது எனக்கு மறந்துபோயிற்று. டயர் மாட்டினதும் முன் சீட்டில் ஏறிக்கொண்டு ராஜா மாதிரி வந்து முக்கில் இறங்கினேன். ராக்கன் ஆரன் அடித்தான். கொல்லைப் பக்கம் போனால் அவள் அப்போதுதான் எழுந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு பஸ்ஸு ரொம்ப லேட்டுப்பா" என்றாள், அவ்வளவுதான். அப்போதுதான் என் மறதி எனக்கு உறைத்தது. ஆனால் கையைப் பார்த்தால் லேசான சிவப்புத்தான், கொப்புளம் கிப்புளம் ஒன்றுமில்லை. அந்த எண்ணெய் அன்றைக்குக் காட்டாது, இரண்டாம் மூன்றாம் நாள்தான் காட்டும் என்று வெந்த என் வழுக்கை மண்டையே எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது, அப்போது ஞாபகம் வரவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று சந்தோஷப்பட்டேன். அதோடு நின்றேனா, மறுநாள் மத்தியானமும் அவளை உட்கார வைத்தேன் ரெங்கராஜு. 

மூன்றாம் நாள் விடிந்தபோது அவளால் கண்ணைத் திறக்க முடியவில்லை. வேர்வையைத் துடைத்துத் துடைத்து எண்ணெய் ஏறின கன்னமும், கழுத்தும் இரண்டு கையும் பொரிந்து நீர் கோத்திருந்தன. மாட்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி அதன் மேல் வாழை இலை போட்டு அவளைப் படுக்கவைத்து ரோட்டுக்குக் கொண்டுபோனோம். அதே பஸ்தான், ராக்கன் எங்கேயும் நிறுத்தாமல் புதுக்கோட்டைக்கு ஓட்டினான். இன்னாசி டாக்டர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. "எத்தனை மணி வெயில்? எவ்வளவு நேரம்?" என்று கேட்டார், சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு அவளை உடனே உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைக்கச் சொன்னார். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். புண் ஆறின இடத்தில் சில பக்கம் கன்றிக் கறுத்துவிட்டது, அதைச் சுற்றி முன்னால் இல்லாத இடத்திலெல்லாம் புதிதாக வெள்ளை எழும்பிவிட்டது. தோல் காயப்பட்ட இடத்தில் இந்தப் படை போய் உட்கார்ந்துகொள்ளுமாம். மாசியில் வந்த மிளகுப் புள்ளிகளும் போய்விட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே உன் கடிதமும் வந்தது, சொக்கலிங்கத்துக்கு ஆனியில் லீவு இல்லை, பங்குனிக்குத் தள்ளிவிட்டார்கள் என்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் சிரித்தேனாம், உன் அம்மா சொல்கிறாள், எனக்கு ஞாபகமில்லை.

உன் அம்மா ஆவுடையாள் என்னோடு பேசி நாளாயிற்று. சோற்றைப் போட்டுவிட்டு "இந்தாங்க" என்பாள், அதுதான் பேச்சு. ஊர் நன்றாகப் பேசுகிறது. பக்கத்து வீட்டுச் செவந்தி நல்லவள்தான், அவளே கிணற்றடியில் பிரகதம் வாளியை வைத்ததும், "நீ எறைச்சு முடிச்சுட்டுக் கூப்புடு தாயி, நான் அப்புறமா வாரேன்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். இது தொட்டால் ஒட்டாது என்று டாக்டர் சொன்னதை நான் வீடு வீடாகப் போய்ச் சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொள்கிறார்கள், குடத்தை மட்டும் தள்ளி வைத்துக்கொள்கிறார்கள். அன்றிலிருந்து அவள் தண்ணீருக்குப் போவதில்லை, நான்தான் போகிறேன். வெயில் இருந்த நாளிலும் கொல்லைக்குத் துணி உலர்த்தக்கூட வரமாட்டாள். மருந்துப் பாட்டிலை அவளே பரணில் தூக்கிப் போட்டுவிட்டாள். ஐப்பசியில் அவளை எப்படியோ டாக்டரிடம் கூட்டிப்போனேன். தையில் புதிதாகத் தொடங்கலாம், இரண்டு நிமிஷத்திலிருந்து, கன்றின இடத்தை விட்டுவிட்டு, காலை வெயிலில், தன் மேசைக் கடிகாரத்தையே கொடுத்துவிடுகிறேன் என்றார். நிறம் வருமா என்று கேட்டேன். "கையில வரலாம். மொகத்துல வருமா வராதான்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன். ஆனா தை, மாசி, பங்குனி மூணு மாசத்தையும் விட்டுட்டா இன்னொரு வருஷம் போச்சு, அதுக்குள்ள ஒடம்பெல்லாம் பரவிரும்" என்றார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். என்ன சொல்லியும் மாறவில்லை.

இப்படி இருக்கையில்தான் போன செவ்வாய்க்கிழமை உன் கடிதம் வந்தது. பங்குனியில் லீவு நிச்சயம், சொக்கலிங்கத்தின் அம்மா சின்னப்பிள்ளை அம்மாள் தையிலேயே கறம்பக்குடியிலிருந்து பெண் பார்க்க வருவார்கள், உள்வீட்டில் மங்கின வெளிச்சத்தில் உட்கார வையுங்கள், நல்ல பவுடர் டின் அனுப்பியிருக்கிறேன், தாலி ஏறும்வரை வீட்டில் யாரும் வாயைத் திறக்க வேண்டாம், பிறகு அவன் என்ன செய்ய முடியும் என்று எழுதியிருந்தாய். உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, நடந்தது எதுவும் தெரியாமல் எழுதினாய், தெரிந்த நானே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒன்றை மறந்துவிட்டாய். உன் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. நீ போன நாளிலிருந்து உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டுவது யார்? நான் கடையிலிருந்து வருவதற்குள் தபால்காரர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் வந்தபோது பிரகதம் பாதி படித்திருந்தாள். நிறுத்தவில்லை, ஒரு வரியையும் விடவில்லை, பவுடரையும் படித்தாள், மங்கின வெளிச்சத்தையும் படித்தாள், 'தங்கச்சிக்கு என் அன்பு' என்று கடைசியில் எழுதியிருந்ததையும் அதே குரலில் படித்து மடித்து உன் அம்மா கையில் கொடுத்தாள்.

பிறகு என்னைப் பார்த்துப் பேசினாள், ஆறு மாதத்தில் இத்தனை நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான். "அவருக்காக ஒரு தடவை உக்காந்து வெந்தாச்சுப்பா. இனிமே அவரு பேரைச் சொல்லி என்னைய வெயில்ல வைக்காதீங்க. உள்ளதை உள்ளபடி அண்ணன் அவருகிட்டச் சொல்லட்டும், வேணும் வேணாம்னு ஒரு வார்த்தை வரட்டும். அது வந்தப்புறம் எனக்காக நான் உக்காருறேன்" என்றாள். உன் அம்மா அழுதுகொண்டே "வேணாம்னுட்டா என்னடி பண்ணுவ?" என்று கேட்டாள். "வேணாம்னாலும் உக்காருவேன். ஆனா சொல்லாம ஏமாத்தி ஒருத்தர் வீட்டுக்குப் போறதுக்கு ஒரு நிமிசம்கூட உக்கார மாட்டேன்" என்றாள். நான் அப்போதும் சும்மா இருக்கவில்லை. முதலில் கொஞ்சம் குணமாகட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாமே தாயி என்றேன். "இதைத்தானப்பா வைகாசியிலயும் சொன்னீங்க" என்றாள். 

ஆகவே நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சொக்கலிங்கத்தைத் தனியாக உட்கார வைத்து நேரில் சொல், கடிதமாக எழுதி மேசையில் வைத்துவிட்டு ஓடாதே. இந்தக் கடிதத்தையே காட்டினாலும் சரி, என் மடத்தனம் அவனுக்குத் தெரிவதில் எனக்கு மானக்கேடு ஒன்றுமில்லை, இருந்த மானமெல்லாம் போய்விட்டது. அவன் கோபப்பட்டால் கேட்டுக்கொள், நியாயமான கோபம். அவன் அம்மாவுக்கு நான் நாளைக்கே கறம்பக்குடி போய் நேரில் சொல்லிவிடுகிறேன், அந்த அம்மாள் வெற்றிலைத் தட்டை என் தலையில் கவிழ்த்தாலும் கவிழ்க்கட்டும். எனக்கு நம்பிக்கை அதிகமில்லை, உனக்கும் வேண்டாம். வேண்டாம் என்று அவன் சொன்னால் அதைப் பூசி மெழுகாமல் அப்படியே எழுது. பதிலை அவள் பெயருக்குப் போடு, எனக்கு வேண்டாம்.

இது வரைக்கும் எழுதி அவளிடம் படிக்கக் கொடுத்தேன். இந்த இடத்தில் நான் 'கன்னத்திலும் கையிலும் கொஞ்சம் அதிகமாகியிருக்கிறது என்று சொல்' என்று எழுதியிருந்தேன், அதை அடிக்கச் சொல்லிவிட்டாள். அடித்திருப்பதைப் பார். அவள் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதுகிறேன், நீயும் அவனிடம் இதைக் குறைக்காமல் சொல்ல வேண்டும். இடது கன்னத்தில் காதோரத்திலிருந்து தாடை வரை. மேலுதட்டின் இடது ஓரம். கழுத்தின் முன்பக்கம் முழுவதும். வலது கையில் மணிக்கட்டிலிருந்து விரல் முட்டி வரை, இடது கையில் புறங்கை முழுவதும், முழங்கைக்குக் கீழே இரண்டு இடம். கன்னத்தின் நடுவில் கன்றின கறுப்பு ஒரு ரூபாய் அகலம், அது போகாது. காலிலும் முதுகிலும் இன்றைய தேதிக்கு இல்லை, நாளைக்கு வராது என்று டாக்டர் சொல்லவில்லை. அவள் சொன்னது இவ்வளவுதான்.

குளிர்ந்த தண்ணீரில் தலைக்குக் குளிக்காதே, ராத்திரிச் சாப்பாட்டை நேரத்தோடு முடி. உன் அம்மா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், என்னிடம் அல்ல, பிரகதத்திடம் சொல்லி எழுதச் சொன்னாள். நீ நீண்ட ஆயுளோடு, யாரையும் நிமிர்ந்து பார்க்கிற கண்ணோடு இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்கிறேன். தை முதல் தேதிக்கு இன்னும் நாற்பது நாள் இருக்கிறது. ஏர்மெயில் போக எட்டு நாள், வர எட்டு நாள். மீதி நாளைத் தைரியம் வருவதற்கு எடுத்துக்கொள், ஆனால் அதற்கு மேல் எடுக்காதே. எனக்கு ஆறு மாதம் ஆயிற்று, அதில் அவளுக்கு ஒரு நன்மையும் இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா,
மு. பழனிச்சாமி

மறக்காதே: கவரின் மேல் செல்வி ப. பிரகதாம்பாள் என்று எழுது. நான் பிரிக்க மாட்டேன்.